ஆடுகிறவரின் காலுக்கு வாசிக்கும் குழு: ஹங்கேரிய நாட்டுப்புற இசைக்கு ஓர் அறிமுகம்

ஹங்கேரிய நாட்டுப்புற இசைக்குழு மிகச் சிறியது. மூன்று பேர் இருந்தால் போதும்: ஒருவர் வயலின், ஒருவர் வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா, ஒருவர் ஆளுயரமான டபுள் பேஸ். மூன்றுமே வில்லால் இழைத்து வாசிக்கப்படும் தந்திக் கருவிகள். மேளம், பறை, உடுக்கை என்று சொல்லத்தக்க தோற்கருவி எதுவும் அங்கே இல்லை. ஆனாலும் இந்த மூவர் ஒரு கல்யாண வீட்டையே விடிய விடிய ஆட வைத்துவிடுவார்கள். மேளமே இல்லாமல் ஒரு குழு எப்படி நடனத்தைத் தாங்கி நிற்கிறது என்ற கேள்விக்கு விடை தெரிந்தால், இந்த இசையில் பாதி புரிந்துவிடும் என்பது என் எண்ணம். ஆகவே இந்தக் கட்டுரையையும் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

அதற்கு முன் ஓர் எல்லைக் கோடு. இங்கே ஹங்கேரிய இசை என்று சொல்வது இன்றைய ஹங்கேரி நாட்டு எல்லைக்குள் அடங்குவதில்லை. முதல் உலகப் போருக்குப் பின் 1920இல் கையெழுத்தான திரியானோன் ஒப்பந்தத்தால் ஹங்கேரி தன் பழைய நிலப்பரப்பில் பெரும்பகுதியை இழந்தது. ஹங்கேரிய மொழி பேசும் இலட்சக்கணக்கான மக்கள் வாழ்ந்த திரான்சில்வேனியா ருமேனியாவோடு சேர்ந்தது. பழைய பாணி இசையும் நடனமும் அதிகம் பிழைத்திருந்தது அந்த மலைப்புறக் கிராமங்களில்தான். புடாபெஸ்ட் மேடையில் ஒரு குழு வாசிக்கும் மெட்டுகளில் பல, இன்று ருமேனியாவின் வரைபடத்தில் இருக்கும் சேக், கலோதாசெக், மெஸோஷேக், ஜிமெஷ் போன்ற ஊர்களிலிருந்தும் வட்டாரங்களிலிருந்தும் வந்தவை.

இனி குழுவுக்குள் நுழைவோம். வயலின் வாசிப்பவருக்குப் பிரீமாஷ் என்று பெயர். அவரே குழுவின் தலைவர். எந்த மெட்டு, எப்போது மாற்ற வேண்டும், எவ்வளவு வேகம் என்பதெல்லாம் அவர் கையில். ஒரே மெட்டைப் பத்து முறை திருப்பி வாசித்தாலும் பத்து முறையும் ஒரே மாதிரி வாசிக்க மாட்டார். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் முன்னும் பின்னும் நடுக்கம், வழுக்கல், சிறு சுழற்சி என்று அலங்காரங்களைக் கொட்டிக்கொண்டே போவார். சில ஊர்களில் இரண்டு வயலின்கள் இருக்கும். இரண்டும் அதே மெட்டைத்தான் வாசிக்கும், ஆனால் ஆளுக்கொரு அலங்காரம் போடுவதால் இரண்டு கோடுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு ஓடுவதுபோல் காதில் விழும். மேற்கத்திய இசைக்கூடத்தில் பழகிய காது இதைச் சுருதி பிசகாகக் கூட எண்ணக்கூடும். அந்த உரசல்தான் அங்கே அழகு.

இரண்டாமவர் கோன்ட்ரா வாசிப்பவர். இந்த இசைக்குப் புதிதாக வருகிறவர் கவனிக்காமல் விடுவதும், விடக்கூடாததும் இவரைத்தான். கோன்ட்ரா என்பது ஒரு சாதாரண வயோலாவில் செய்த சிறு மாற்றம். நான்கு தந்திகளுக்குப் பதில் மூன்றே தந்திகள். அவற்றைத் தாங்கும் குதிரையின் மேல்விளிம்பு வழக்கமான வயோலாவில் வளைவாக இருக்கும். அந்த வளைவினால்தான் வில் ஒரு நேரத்தில் ஒரு தந்தியையோ இரண்டு தந்திகளையோ மட்டும் தொடுகிறது. கோன்ட்ராவில் அந்த வளைவைச் சீவித் தட்டையாக்கிவிடுகிறார்கள். மூன்று தந்திகளும் ஒரே மட்டத்தில் கிடப்பதால் வில்லை எங்கே வைத்தாலும் மூன்றும் சேர்ந்தே ஒலிக்கும். அதாவது இந்தக் கருவியால் தனி மெட்டு வாசிப்பது ஏறக்குறைய இயலாது. மூன்று ஸ்வரங்கள் ஒருசேர ஒலிக்கும் கார்டுகளை மட்டுமே வாசிக்கலாம். கருவியைப் பிடிக்கும் விதமும் வேறு. தந்திகள் பக்கவாட்டில் பார்க்கும்படி அதைச் சரித்துப் பிடித்து, வில்லை மேலும் கீழுமாக இழுப்பார்கள். பல மணி நேரம் சளைக்காமல் தாளம் போட வேண்டிய கைக்கு அந்த நிலை வசதியானது.

மெஸோஷேக் பகுதியின் கோன்ட்ராக்காரர்கள் பெரும்பாலும் மேஜர் கார்டுகளையே வாசிப்பார்கள். மெட்டு சோகமான மைனர் சாயலில் போனாலும் அடியில் மேஜர் கார்டுதான் வரும். மெட்டின் ஸ்வரம் நகர நகர, கார்டும் அதன் பின்னாலேயே நகரும். பாடநூல் இலக்கணப்படி இது பிழை. ஆனால் கேட்கும்போது அந்த மோதலில் ஒரு கரகரப்பும் கனமும் பிறக்கிறது. வேறெந்த நாட்டு வயலின் இசையிலும் நான் கேட்டிராத ஒலி அது.

மூன்றாமவர் டபுள் பேஸ் வாசிப்பவர். கிராமத்து டபுள் பேஸில் பல இடங்களில் மூன்று தந்திகளே இருக்கும். அவை உலோகக் கம்பிகளாக இல்லாமல் குடலில் திரித்த நரம்புகளாக இருப்பதே பழைய வழக்கம். ஸ்வரம் துல்லியமாக ஒலிக்கிறதா என்பது அங்கே இரண்டாம் கவலை. வில் நரம்பில் பதிந்து எழும்போது வரும் அந்த உறுமலும் மோதலும்தான் முக்கியம். மேளத்தின் வேலையை இங்கே செய்வது அந்த ஓசையே.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கான விடை, கோன்ட்ராவும் பேஸும் சேர்ந்து போடும் வில் கணக்கில் இருக்கிறது. அதில் இரண்டு பெரிய முறைகள் உண்டு. முதலாவது எஸ்தாம். பேஸ் தாளத்தின் அடியில் விழும், கோன்ட்ரா இரண்டு அடிகளுக்கு நடுவில் விழும். தும்-சக், தும்-சக் என்று வேகமாக ஓடும். துள்ளலான வேக நடனங்களுக்கு இது பொருந்தும், கேட்பதற்கும் எளிது. இரண்டாவது டூவோ. இதுதான் ஹங்கேரிய முத்திரை. இதில் கோன்ட்ராவும் பேஸும் சேர்ந்தே நகரும். ஒரே வில்லிழுப்பில் இரண்டு அடிகளை வாசிப்பார்கள். முதல் அடியில் வில் தந்தியில் இலேசாகத் தொடங்கும். வில்லைத் தூக்காமலும் திருப்பாமலும் அப்படியே இரண்டாம் அடியில் அழுத்துவார்கள். பிறகு வில் திசை மாறும், மறுபடி இலேசு, மறுபடி அழுத்தம். ஆக, கனம் எப்போதும் இரண்டாவதில் விழுகிறது. நடனம் ஆடுகிறவர் கால் எடுக்கும் தருணத்தில் தரை அவரை மேலே தள்ளிவிடுவதுபோல் ஓர் உணர்வை அந்தப் பின்னழுத்தம் தருகிறது. ஒரு தாளக்கருவி வெட்டி நிறுத்தித் தாளம் கொடுக்கும். வில்லோ ஓசையை அறுக்காமலே அடியைக் காட்டிவிடுகிறது. மேளம் இல்லாத குறை ஏன் தெரிவதில்லை என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மெதுவான டூவோவில் இன்னொரு சிக்கலும் உண்டு. மெஸோஷேக்கின் மெதுவான ஜோடி நடனங்களில் இரண்டு அடிகளும் சம நீளமாக இருப்பதில்லை. ஓர் அடி சற்றே நீண்டும் மற்றது சற்றே குறைந்தும், நொண்டி நடப்பதுபோல் தாளம் போகும். எண்ணிப் பார்த்துக் கற்றுக்கொள்ள முயல்பவர்கள் இதில் திணறிப்போவார்கள். ஆட்டத்தோடு சேர்ந்து கற்றவர்களுக்கு அது சிரமமாகத் தோன்றுவதே இல்லை, ஏனெனில் அந்த நீளக் குறைவு ஜோடியாகச் சுழலும்போது உடல் எடை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறும் விதத்திலிருந்தே வந்தது.

மெட்டுகளின் வரிசையும் நடனம் வகுத்ததுதான். இசைக்கச்சேரியில் ஒரு பாட்டு முடியும், கைத்தட்டல் எழும், அடுத்த பாட்டு தொடங்கும். கிராமத்து ஆட்டத்தில் அப்படி இல்லை. ஒவ்வோர் ஊருக்கும் நடனங்களின் வரிசை ஒன்று நிலைத்திருக்கும். மெதுவில் தொடங்கி வேகத்துக்கு ஏறுவது அதன் பொதுவான போக்கு. சேக் ஊரில் ஆண்கள் மட்டும் ஆடும் இரண்டு நடனங்கள், பின்னர் இரண்டு ஜோடிகள் கைகோத்துச் சுழலும் நடனம், மெதுவான ஜோடி நடனம், அதன்பின் சார்தாஷ் என்ற வேகமான ஜோடி நடனம், கடைசியில் வெளியிலிருந்து பிற்காலத்தில் வந்து சேர்ந்த போல்கா வகை நடனங்கள் என்று அந்த வரிசையில் பல இடம்பெறும். ஒரு நடனத்துக்குள் பிரீமாஷ் பல மெட்டுகளை இடைவெளி விடாமல் கோத்துக்கொண்டே போவார். எந்த மெட்டுக்கு எந்த மெட்டு பின்தொடரும் என்று முன்கூட்டி எழுதி வைப்பதில்லை. ஆடுபவர்களின் முகத்தையும் காலையும் பார்த்து, சோர்ந்தால் ஒன்று, கிளர்ந்தால் ஒன்று என்று அவர் தேர்ந்தெடுக்க, கோன்ட்ராவும் பேஸும் முதல் ஸ்வரத்திலேயே அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கலோதாசெக்கின் லெகேன்யேஷ் நடனத்தில் இந்த உறவை மிகத் தெளிவாகப் பார்க்கலாம். இது இளைஞர்கள் தனித்து ஆடும் நடனம். ஆடுபவர் கூட்டத்தைப் பார்த்து நிற்பதில்லை; இசைக்குழுவுக்கு நேர் எதிரே வந்து நிற்கிறார். மெட்டின் ஒரு சுற்று எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்கு ஓர் அடவு வரிசை. கால்களை வீசி, பூட்ஸின் மேற்பகுதியையும் தொடையையும் கையால் அறைந்து, மெட்டு முடியும் அதே அடியில் தன் வரிசையையும் முடிக்கிறார். அறையின் ஓசை வயலினின் ஸ்வரங்களுக்கு நடுவே விழுகிறது. அந்த நேரத்தில் அவரே குழுவின் நான்காவது வாத்தியக்காரர். பெண்கள் அப்போது பக்கத்தில் கூடி நின்று, தாளத்தில் ஈரடிப் பாடல்களை உரக்கக் கூவுவார்கள். ஒலிப்பதிவை மட்டும் கேட்கிறவர்களுக்கு இந்தக் கூச்சலும் அறைதலும் இடைஞ்சலாகத் தோன்றலாம். அவற்றை நீக்கிச் சுத்தமாகப் பதிவு செய்த இசைத்தட்டுகளில் எனக்கு என்னவோ உயிர் குறைவாகவே படுகிறது.

ஆடாத நேரத்துக்கென்றும் இசை உண்டு. கலோதாசெக்கில் விருந்து முடிந்து பொழுது புலரும் வேளையில் பாடப்படும் பாடல்களுக்கு ஹய்னாலி என்று பெயர். களைத்துப்போன ஆண்கள் குழுவைச் சூழ்ந்து நின்று, நீண்டு இழுபடும் வரிகளைப் பாடுவார்கள். குழு அவர்கள் குரலுக்குப் பின்னால் போகும். அதுவரை ஆட்டத்தை நடத்திச் சென்ற பிரீமாஷ் இப்போது பாடுபவரின் மூச்சைக் கவனித்து, அவர் நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, நீட்டும் இடத்தில் நீட்டுகிறார்.

மூவர் குழுவே இலக்கணம் என்று சொன்னாலும், வட்டாரத்துக்கு வட்டாரம் வேறு கருவிகளும் உண்டு. அவற்றில் எனக்கு மிகவும் வியப்பூட்டுவது ஜிமெஷ் பள்ளத்தாக்கின் கார்டோன். பார்வைக்கு முரட்டுத்தனமாகச் செதுக்கிய செல்லோபோல் இருக்கும், ஆனால் வில் கிடையாது. எல்லாத் தந்திகளும் ஒரே ஸ்வரத்துக்குச் சேர்க்கப்பட்டிருக்கும். ஒரு கையில் உள்ள தடியால் தந்திகளை அடிப்பார்கள். மறுகையால் ஒரு தந்தியை இழுத்து விட்டுப் பலகையில் படீரென்று மோதவிடுவார்கள். மேலே ஒற்றை வயலின், கீழே இந்த ஒற்றைக் கார்டோன்: அதுவே முழுக் குழு. பெரும்பாலும் கணவர் வயலின் வாசிக்க, மனைவி கார்டோன் அடிப்பார். மிஹாய் ஹல்மாகி, கிசெல்லா ஆதாம் தம்பதியரின் ஒலிப்பதிவுகள் இந்த வகைக்குப் புகழ்பெற்ற சான்று. தந்திக் கருவியை எடுத்து மேளமாகவே மாற்றிவிட்ட இடம் இது.

தந்திக் குழுக்கள் பரவுவதற்கு முன் கிராமத்து ஆட்டத்துக்கு வாசித்தது தோற்பைக் குழல்தான். ஆட்டுத்தோல் பையில் காற்றை நிரப்பி, கையிடுக்கில் அமுக்கி வாசிக்கும் இதை மேய்ப்பர்கள் செய்துகொண்டார்கள். குழலின் தலைப்பகுதியில் ஆட்டுத்தலை வடிவம் செதுக்குவது வழக்கம். இன்றும் சில வயலின் மெட்டுகளின் நடுவே, பழைய தோற்பைக் குழலின் சிறு சுழற்சிகளை அப்படியே பின்பற்றும் பகுதிகள் வரும். பெருஞ்சமவெளியில் கைப்பிடியைச் சுழற்றினால் உள்ளே ஒரு சக்கரம் தந்திகளை உரசி ஒலிக்கும் கருவி ஒன்று உண்டு. கைப்பிடியை வெட்டி வெட்டிச் சுழற்றும்போது ஒரு தந்தி மட்டும் கரகரவென்று துடித்துத் தாளம் கொடுக்கும். கிளாரினெட்டும் இதுவும் சேர்ந்தால் அங்கே ஒரு குழு. நீளப் புல்லாங்குழல், மடியில் வைத்து மீட்டும் ஸிதர் என்ற தந்திக் கருவி, மால்தோவாப் பகுதியின் குட்டைக் கழுத்து வீணை வகையான கோபோஸ் ஆகியவையும் பட்டியலில் சேரும். சுத்திகளால் தட்டும் தந்திக் கருவியான சிம்பலோம் பலருக்கும் தெரிந்தது. ஆனால் கால்மிதியோடு கூடிய அதன் பெரிய வடிவம் 1874இல் புடாபெஸ்ட் கருவி வணிகர் யோசெஃப் ஷூந்தா உருவாக்கியது. கிராமங்களில் இருந்தவை தோளில் மாட்டிச் செல்லும் சிறியவை.

பாடல்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் மேலே போக முடியாது. 1904ஆம் ஆண்டு கோடையில், அப்போது இருபத்து மூன்று வயதுப் பியானோக் கலைஞராக இருந்த பேலா பார்டோக், திரான்சில்வேனியாவிலிருந்து வேலைக்கு வந்திருந்த லிடி தோஷா என்ற பெண் பாடிக்கொண்டிருந்த பாடலைக் கேட்டார். நகரத்தில் நாட்டுப்பாடல் என்று விற்கப்பட்டவற்றுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று அவருக்குப் பட்டது. அடுத்த ஆண்டு இசையமைப்பாளர் ஸோல்தான் கோடாய் கிராமங்களில் பாடல் திரட்டத் தொடங்கினார். பேலா விகார் என்பவர் 1890களிலேயே மெழுகு உருளைகளில் பதிவு செய்யும் போனோகிராஃப் கருவியோடு கிராமங்களுக்குப் போயிருந்தார். அதே கருவியை இவர்களும் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். 1906இல் பார்டோக்கும் கோடாயும் சேர்ந்து இருபது பாடல்களைப் பியானோத் துணையோடு வெளியிட்டார்கள்.

பார்டோக் 1924இல் வெளியிட்ட நூலில் இந்தப் பாடல்களைப் பழைய பாணி, புதிய பாணி, கலப்பு என்று பிரித்தார். பழைய பாணியில் ஐந்து ஸ்வரங்களே அடிப்படை. கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்கு இதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: சுத்த தன்யாசியில் வரும் அதே ச, க, ம, ப, நி. கமகமும் சஞ்சாரமும் முற்றிலும் வேறு என்றாலும், ஸ்வரத்தானங்கள் ஒன்றுதான். மெட்டு உச்சியில் தொடங்கிப் படிப்படியாக இறங்கும். நான்கு வரிப் பாடலில் முதல் இரண்டு வரிகளின் மெட்டையே அடுத்த இரண்டு வரிகளும் ஐந்து ஸ்வரம் கீழே போய்த் திருப்பிச் சொல்வது இதன் முத்திரை. மயில் பறந்து வந்து அமர்வதாகத் தொடங்கும் ஒரு பழம்பாடல் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. கோடாய் 1939இல் இசைக்குழுவுக்காக எழுதிய மயில் மாறுபாடுகள் அந்த மெட்டின்மேல் எழுந்தவைதான். இதே இறங்கு முறை வோல்கா ஆற்றங்கரையின் மாரி, சுவாஷ் மக்களின் பாடல்களிலும் இருப்பதைக் கோடாய் எடுத்துக்காட்டினார். புதிய பாணி பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவியது. முதல் வரி மெட்டு கடைசியிலும் திரும்பி வரும். நடுவில் மெட்டு மேலேறி வளையும்.

மொழியும் தாளத்தில் கைவைக்கிறது. ஹங்கேரிய மொழியில் ஒவ்வொரு சொல்லிலும் அழுத்தம் முதல் அசையில் விழும். அதனால் பாடல்கள் தாளத்தின் முதல் அடியிலேயே தொடங்கும். நம் இசையாசிரியர்கள் சொல்லும் சம எடுப்புதான் அங்கே இயல்பு. தமிழைப்போல் அங்கும் குறிலும் நெடிலும் உண்டு என்பதால், சொல்லில் உள்ள அசை குறிலா நெடிலா என்பதைப் பொறுத்து அதே மெட்டின் ஸ்வரம் ஒரு வரியில் குறுகியும் அடுத்த வரியில் நீண்டும் ஒலிக்கும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டியிருக்கிறது. புடாபெஸ்ட் உணவகங்களில் மேசைக்கு மேசை வந்து உருக்கமாக வாசிக்கும் வயலின் குழுவையே ஹங்கேரிய நாட்டுப்புற இசை என்று உலகம் நம்பியது. அவர்கள் வாசித்தவற்றில் பெரும்பகுதி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெயர் தெரிந்த ஆசிரியர்கள் இயற்றிய நகரப் பாடல்கள். இசையமைப்பாளர் ஃபெரென்ஸ் லிஸ்ட் 1859இல் எழுதிய நூலில் ஹங்கேரிய இசை என்று அறியப்பட்டது, ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்ட ரோமா மக்களின் படைப்பே என்று வாதிட்டார். பார்டோக் அதைக் கடுமையாக மறுத்தார். உண்மையான மூலம் உழவர்களின் பாடல் என்றார். பார்டோக் சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் அந்த மறுப்பின் வேகத்தில் ஒன்று விடுபட்டுப்போனது என்றே நினைக்கிறேன். உழவர்கள் பாடினார்கள், அவர்களுடைய ஆட்டத்துக்கு வாசித்தவர்களோ பெரும்பாலும் அதே கிராமத்தில் வாழ்ந்த ரோமா இசைஞர்கள். தலைமுறை தலைமுறையாகத் தகப்பனிடமிருந்து மகன் கற்றுக்கொண்ட தொழில் அது. மெஸோஷேக்கின் மாஜார்பலாத்கா ஊரைச் சேர்ந்த கோடோபா குடும்பத்தார் இதற்குப் பெயர்பெற்றவர்கள். ஹங்கேரியர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஹங்கேரிய மெட்டுகள், ருமேனியர் வீட்டுக்கு ருமேனிய மெட்டுகள், தங்கள் மக்களுக்கு ரோமா மெட்டுகள் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே கரைத்துக் குடித்திருந்தார்கள்.

பாடல் திரட்டியவர்கள் குரலை மட்டும் துரத்திக்கொண்டு போனதால், குழுவாக வாசிக்கும் இசை நெடுங்காலம் முறையாகப் பதிவாகாமலே கிடந்தது. அதைச் சரி செய்தவர் இசையமைப்பாளர் லாஸ்லோ லோய்தா. 1940களின் தொடக்கத்தில் சேக் ஊர்க் குழுவைப் பதிவு செய்து, வயலின், கோன்ட்ரா, பேஸ் மூன்றின் வாசிப்பையும் வில் திசை உட்பட எழுதி, 1954இல் நூலாக வெளியிட்டார். அந்த நூல் கிடைத்திராவிட்டால் அடுத்து நடந்தது எளிதில் நடந்திருக்காது.

1951இல் தொடங்கிய ஹங்கேரிய அரசு நாட்டுப்புறக் குழு, சோவியத் முன்மாதிரியில் அமைந்தது: பெரிய இசைக்குழு, பயிற்சி பெற்ற பாடகர் அணி, மேடைக்கென்று அமைத்த நடனங்கள். பார்ப்பதற்குப் பிரமாதமாக இருந்தாலும், பார்வையாளர் நாற்காலியை விட்டு எழ வேண்டிய தேவை இருக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் இளைஞர் சிலருக்கு இது போதவில்லை. கட்டடக்கலை படித்த ஃபெரென்ஸ் ஷெபோவும் பேலா ஹல்மோஷும் லோய்தாவின் நூலை வைத்து சேக் இசையைக் கற்கத் தொடங்கினார்கள். பின்னர் சேக் ஊருக்கே போய் அங்குள்ள இசைஞர்களிடம் கேட்டுக் கற்றார்கள். நடன ஆய்வாளர் கியோர்கி மார்தினும், வாழ்நாள் முழுவதும் திரான்சில்வேனியப் பாடல்களைத் திரட்டிய ஸோல்தான் கல்லோஷும் அவர்களுக்கு வழிகாட்டினார்கள். 1972 மே 6 அன்று புடாபெஸ்ட்டின் லிஸ்ட் சதுக்கத்தில் முதல் தான்ஸ்ஹாஸ் நடந்தது. சேக் ஊரில் இளைஞர்கள் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, குழுவையும் அமர்த்தி, ஆடும் வழக்கத்துக்குப் பெயர் தான்ஸ்ஹாஸ். அந்த முறையை அப்படியே நகரத்துக்குக் கொண்டுவந்தார்கள். முதலில் நடனக் குழுக்களின் உறுப்பினர்களுக்கு மட்டும் என்றிருந்ததை, நடன அமைப்பாளர் ஷாந்தோர் தீமார் எல்லாருக்கும் திறந்துவிட வேண்டும் என்று வற்புறுத்தினார். திறந்துவிட்டார்கள். வந்தவர்களுக்கு அங்கேயே அடவு சொல்லிக்கொடுத்து, அங்கேயே ஆடவும் வைத்தார்கள்.

இதை வெறும் பொழுதுபோக்காகப் பார்க்க முடியாத காலம் அது. சர்வாதிகாரி சௌஷெஸ்கு ஆண்ட ருமேனியாவில் ஹங்கேரியச் சிறுபான்மையினர் நெருக்கடியில் இருந்தார்கள். ஒலிப்பதிவுக் கருவியோடு எல்லை தாண்டிக் கிராமத்துக் குழுவைத் தேடிப் போவது அதிகாரிகளுக்குப் பிடிக்காத காரியம். அப்படிப் போய்க் கற்றவர்களில் ஒரு குழுதான் 1973இல் புடாபெஸ்ட்டில் உருவான முசிகாஷ். மிஹாய் ஷிபோஷ் வயலின், பின்னர் வந்து சேர்ந்த பேட்டர் ஏரி கோன்ட்ரா, டானியேல் ஹமார் டபுள் பேஸ் என்று, கிராமத்து அமைப்பையே அவர்கள் கடைப்பிடித்தார்கள். மெட்டைக் கற்கும்போது கூடவே அந்த ஊரின் வில் கணக்கையும், அலங்காரத்தையும், மெட்டுகளின் வரிசையையும் கற்றார்கள். பாடகி மார்தா ஷெபெஷ்தியேன் பல ஆண்டுகள் அவர்களோடு பாடினார்; 1996இல் வந்த 'தி இங்கிலீஷ் பேஷண்ட்' படத்தில் ஒலித்த அவர் குரல்தான் பலருக்கும் இந்த இசையோடு முதல் அறிமுகம்.

முசிகாஷின் பணிகளில் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். திரான்சில்வேனியாவுக்கு வடக்கே மாராமரோஷ் பகுதியில் பெரும் யூத சமூகம் வாழ்ந்தது. அவர்களுடைய கல்யாணங்களுக்கு வாசித்தவர்களும் ரோமா இசைஞர்களே. 1944இல் அந்த யூதர்கள் நாஜி வதை முகாம்களுக்கு அனுப்பப்பட்டுப் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய மெட்டுகள் வாசித்தவர்களின் நினைவில் மட்டும் தங்கின. போருக்கு முன் யூதர் வீடுகளில் வாசித்திருந்த வயலின் கலைஞர் கியோர்கே கோவாச்சி, சிம்பலோம் கலைஞர் ஆர்பாட் டோனி ஆகிய முதியவர்களைச் சேர்த்துக்கொண்டு, முசிகாஷ் 1993இல் அந்த மெட்டுகளை இசைத்தட்டாக வெளியிட்டது. கிராமத்துக் குழு ஒன்று எத்தனை சமூகங்களின் நினைவைச் சுமந்திருந்தது என்பதை இந்தப் பதிவு காட்டுமளவுக்கு வேறெதுவும் காட்டியதாகத் தெரியவில்லை.

அதன்பின் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். புடாபெஸ்ட்டின் ஃபோனோ இசை இல்லம் 1997இல் தொடங்கிய 'கடைசி மணி நேரம்' என்ற திட்டத்தில், திரான்சில்வேனியாவிலிருந்து ஏராளமான குழுக்களை வரவழைத்து, அவர்களுக்குத் தெரிந்த மெட்டுகளை இயன்றவரை முழுமையாகப் பதிவு செய்தார்கள். 2007இல் லிஸ்ட் இசைப் பல்கலைக்கழகத்தில் நாட்டுப்புற இசைக்கெனத் துறை வந்தது. 2011இல் தான்ஸ்ஹாஸ் முறையை, மரபைக் காப்பதற்கான நல்ல வழிமுறைகளின் பதிவேட்டில் யுனெஸ்கோ சேர்த்தது.

புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர் எங்கிருந்து தொடங்கலாம்? முசிகாஷ் 1999இல் வெளியிட்ட பார்டோக் இசைத்தட்டு நல்ல வாசல். பார்டோக்கின் பழைய மெழுகு உருளைப் பதிவு, அதே மெட்டைக் கிராமத்துக் குழு வாசிக்கும் முறை, அதிலிருந்து பார்டோக் இரண்டு வயலின்களுக்கு எழுதிய சிறு இசைத்துண்டு ஆகியவை அதில் அடுத்தடுத்து வருகின்றன. கேட்கும்போது முதல் முறை வயலினோடு போங்கள்; அது தானாகவே காதைப் பிடித்துக்கொள்ளும். இரண்டாம் முறை வயலினை விட்டுவிட்டுக் கோன்ட்ராவின் வில் எங்கே அழுத்துகிறது என்பதை மட்டும் கவனித்து, அந்த அழுத்தத்தில் காலைத் தட்டிப் பாருங்கள். முதல் அடியில் தட்டப் பழகிய கால் சற்று நேரம் முரண்டு பிடிக்கும். அதன்பின் இணையத்தில் தேடும்போது, ஹங்கேரிய இசை என்று பொதுவாகத் தேடினால் உணவக வயலின்தான் முன்னால் வந்து நிற்கும். சேக், மாஜார்பலாத்கா, கலோதாசெக், ஜிமெஷ் என்று ஊர்ப் பெயரையும் வட்டாரப் பெயரையும் கொடுத்துத் தேடுங்கள். இந்த இசையைப் பதிவு செய்தவர்கள் அப்படித்தான் பெயரிட்டு வைத்திருக்கிறார்கள். ஆடுகிறவர்களும் கண்ணில் படும் பதிவாக இருந்தால் அதையே முதலில் பாருங்கள்.